பதிவு விலாசம்

“இன்னும் கூப்பிடலையாடி?” போனில் அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. நீ உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காரேன்.”

“வாட்ச்மேன் மூணு தடவ கூப்பிட்டுட்டாரு. நான் கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன். நீ போன காரியத்தப் பாரு. ஏடி, பின்பக்கம் கேணி இருக்கா?”

அமலி ஜன்னல் பக்கம் போனாள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. வாயை சிமென்ட் பலகையால் மூடி, அதன்மேல் ஏசி பெட்டியை வைத்திருந்தார்கள்.

“இருக்கு. மூடி வச்சிருக்காங்க.”

அம்மா போனை வைத்துவிட்டாள்.

அமலி உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். பையைத் திறந்து பெட்டி இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள்.

திருக்காட்டுப்பள்ளி சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தொழில் வளர்காப்பகம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வருடம் மேசை, ஆய்வகம், வழிகாட்ட ஆள், கம்பெனியைப் பதிவு செய்ய ஒரு விலாசம் எல்லாம் கொடுப்பார்கள். அமலி இயற்பியல் படித்தவள். நெல்லின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்திருந்தாள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் ஜாஸ்தி என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவதற்கு முன், விவசாயி அதைத் தன் களத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

இன்று விட்டால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான். இன்னும் ஒரு வருடம் என்று அம்மாவிடம் சொல்ல அவளால் முடியாது.

“அமலி யாரும்மா? வாங்க.”

உள்ளே இரண்டு பேர். மையத்தின் மேலாளர் குழந்தைராஜ். தேர்வுக் குழுத் தலைவர் குஞ்சிதபாதம், ரைஸ்மில் வைத்திருப்பவர்.

“திருச்சி சென்டர்ல உன்னை எடுத்துட்டாங்களாமே. எங்களவிட மூணு மடங்கு பணம் தர்றாங்க. அத விட்டுட்டு இங்க ஏம்மா வர்ற?” என்றார் குஞ்சிதபாதம்.

“வீட்டுக்குப் பக்கம் சார்.”

அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். “வீடு கோடியக்கரைன்னு போட்டிருக்கு. உப்பளத்துலேர்ந்து இங்க வர மூணு பஸ் மாறணும். இதா பக்கம்?”

அமலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி விடு. பெட்டிய எடு.” அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். நெல். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். “ஈரம் பதினெட்டு சதவீதம். முப்பது வருஷமா இந்தப் பல்லுதான் எனக்கு மெஷினு. இப்ப நீ சொல்லு.”

அமலி நெல்லைப் பெட்டியில் கொட்டி மூடினாள்.

“பதினாறு புள்ளி நாலு சார்.”

“போச்சு! பதினெட்டும்மா இது.”

“பதினாறு புள்ளி நாலுதான் சார்.”

குழந்தைராஜ் எழுந்துபோய் ஆய்வகத்தின் பெரிய கருவியைக் கொண்டுவந்து வைத்தார். அதிலும் நெல்லைக் கொட்டினார்கள்.

“பதினாறு புள்ளி அஞ்சு” என்றார் குழந்தைராஜ்.

குஞ்சிதபாதம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “அப்ப இத்தனை வருஷமா ஊரான் நெல்லையெல்லாம் தப்பாத்தான் கடிச்சிருக்கேன். பல்லு டாக்டருக்குக் குடுக்கிற காச இந்தப் பொண்ணுக்குக் குடுத்துருங்க.”

குழந்தைராஜ் சிரித்தபடி கணினிப் பக்கம் திரும்பினார். “எடுத்தாச்சும்மா. கடிதம் இப்பவே தர்றேன். கம்பெனி பதிவுக்கு எங்க டவுன் ஆபீஸ் விலாசத்தப் போட்டுடறேன். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. தஞ்சாவூர்னு இருந்தா கௌரவமா இருக்கும்.”

“இல்ல சார்!”

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அமலிக்கே தெரியாது.

“இந்த இடத்து விலாசம்தான் சார் வேணும். கிடைக்காதுன்னா எனக்கு சீட்டே வேணாம்.”

குழந்தைராஜ் கணினியிலிருந்து கையை எடுத்தார்.

“வயக்காட்டு விலாசத்த வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? சர்வே நம்பர்தான் இருக்கு, தெருப் பேருகூட கிடையாது.”

“அதுவே போதும் சார்.”

“பணத்த விட்டுட்டு வர்ற, விலாசத்த விட மாட்டேங்கிற. என்ன பொண்ணும்மா நீ!” குஞ்சிதபாதம் கையை ஆட்டினார். “கேட்டதப் போட்டுக் குடுங்க குழந்தைராஜ். நல்ல பெட்டி. திருச்சிக்குப் போயிரப் போவுது.”

கடிதத்தை வாங்கிக்கொண்டு அமலி வாசலுக்குக் கிட்டத்தட்ட ஓடினாள். வெயிலில் அம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

“அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போம்மா” என்றார் வாட்ச்மேன். “காலையிலேர்ந்து நிக்கிறாங்க. கட்டடத்தப் பாத்து பயந்துட்டாங்க போல.”

“கிடைச்சிருச்சும்மா.”

அம்மா சவரியம்மாள் சிரிக்கவில்லை. “நம்பர் எங்க?”

அமலி தொட்டுக் காட்டினாள். பதிவு விலாசம்: சர்வே எண் 118.

சவரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். “ஒண்ணு… ஒண்ணு… எட்டு” என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். அதிலும் விரல் வைத்தாள். ஒண்ணு, ஒண்ணு, எட்டு.

காகிதத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினாள். கேட்டைத் தாண்டி நேராகக் கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

அந்தக் காகிதம், 1970-ல் சவரியம்மாளின் அப்பா ஜெக்கரியாவுக்குப் பண்ணையிலிருந்து வந்த நோட்டீஸ்: ‘கூலி கேட்டுக் கொடி பிடித்ததால், சர்வே நம்பர் 118-ல் உள்ள குடிசையைப் பிரித்துக்கொண்டு மூன்று நாளில் வெளியேறவும். இனி இந்த இடத்தில் உனக்கு விலாசம் கிடையாது.’