டைட் எண்டுக்கு அவசரமில்லை

"டைட் எண்டுக்கு யாரும் அடிச்சுக்க வேணாம். இந்த வருஷம் கொட்டிக் கெடக்கு" என்றான் லைல்.

கோரின் மாடிகன் தன் கையிலிருந்த தாளை நான்காவது முறையாக மடித்தாள். உடனே பிரித்தாள்.

டுபியூக் நகரத்துப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் பத்துப் பேர், ஓய்வறையில் மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களுடைய ஃபேன்டஸி லீக்குக்கு ஆள் எடுப்பது பதினோரு வருட வழக்கம்.

முறை வைத்து ஆளுக்கொரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னவர் அணிக்கு அந்த ஆள் சொந்தம். வேறு யாரும் தொட முடியாது. அவர் நிஜ மைதானத்தில் ஆடுவதெல்லாம் இங்கே புள்ளி. மொத்தம் பதினைந்து சுற்று. கடைசி இடம் பிடிப்பவர் ஒரு நாள் முழுக்கக் கோழி வேஷத்தில் பேருந்து ஓட்ட வேண்டும்.

லீக்கை நடத்தும் லைல் சொன்னது சரிதான். எதிராளியை முட்டித் தடுத்துவிட்டு, அதே வேகத்தில் ஓடிப் பந்தையும் பிடிக்கத் தெரிந்தவன் டைட் எண்ட். போன வருடம் அப்படி உருப்படியாக இரண்டே பேர்தான் இருந்தார்கள். இந்த வருடம் ஒரு டஜன் தேறும். பத்தாம் சுற்றில்கூட நல்லவன் கிடைப்பான்.

கோடை முழுக்க அவளும் அதையேதான் படித்திருந்தாள். தனக்கு வேண்டியவனைக் கடைசிச் சுற்றில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் காலையில் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் உட்கார முடியவில்லை.

முதல் சுற்றில் யாரை எடுத்தாள், இரண்டாவதில் யாரை எடுத்தாள் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தட்டில் வெண்ணெய் தடவிய சோளக்கதிர் கடிக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் கால் தன்பாட்டுக்கு ஆடியது.

மூன்றாம் சுற்றில்தான் எதிரே இருந்த போடானைக் கவனித்தாள். வருடா வருடம் யாரும் கேள்விப்படாத ஒருவனை எடுத்துவிட்டுப் பீற்றிக்கொள்கிறவன். அவனுடைய பென்சில் டைட் எண்டு பட்டியலில் கீழே இறங்கியது. இருபதைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது.

நின்றது. ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டது.

தலைகீழாக இருந்ததால் என்ன பெயர் என்று அவளால் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"கோரின்! நாலாவது சுத்து, ஒன் முறை. பிரேக்க எடுத்துட்டு வண்டிய நகத்துமா!" என்றான் லைல்.

"தேடியஸ் புரூம்ஹால்" என்றாள்.

லைல் தாளைப் புரட்டினான். திருப்பினான். விரலை வைத்துக் கீழே, இன்னும் கீழே போனான்.

"முப்பத்தெட்டாவது எடத்துல இருக்கான்! இப்பத்தான் காலேஜ் முடிச்சு வந்த பையன். அவன் டீம்லயே மூணு டைட் எண்டுக்குப் பின்னாடி நிக்கிறான். அங்கயும் கொட்டித்தானே கெடக்கு? செவ்வாக்கிழம ஆளக் கழிக்கறப்ப மொத ஆளா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அறையே சிரித்தது. போடான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கோழி வேஷத்துக்கு இப்பவே அளவெடுத்துடலாமா கோரின்?"

அவன் சிரிப்பில் குலுங்கியபோது தாள் அவள் பக்கம் நகர்ந்தது. வட்டத்துக்குள் இருந்தது வேறு ஒருவன் பெயர்.

அவசரப்பட்டதில் அவளுக்கு வருத்தமாக இல்லை.

லைல் குரலைத் தணித்தான். "வெளையாட்டு வேணாம். கடைசில எடுத்தாலும் அவன் அங்கயேதான் கெடப்பான். மாத்திக்க, நான் ஒண்ணும் சொல்லல."

"மாத்தல."

"செவ்வாக்கிழம அவன அனுப்பிட்டா?"

"அனுப்புனா அனுப்பட்டும். என் டீம்ல இருப்பான்."

லைல் தோளைக் குலுக்கினான். யார் யாரை எடுத்தார்கள் என்று சுவர்ப் பலகையில் ஒட்ட, இருநூறு ஆட்டக்காரர்களின் பெயரை ஸ்டிக்கராக அச்சடித்து வைத்திருந்தான். அதில் இந்தப் பெயர் இல்லை. எழுதாத ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, மார்க்கரோடு நீட்டினான்.

"ஒன் ஆளு. நீயே எழுதி ஒட்டிக்க."

அவள் எழுந்து பலகைக்குப் போனாள். ஸ்டிக்கரைப் பலகையில் ஒட்டிவிட்டு அதன்மேல் எழுதினாள். எந்தத் தாளையும் பார்க்காமல், ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினாள். பின்னால் சிரிப்பு அடங்கி ஐந்தாம் சுற்று தொடங்கிவிட்டிருந்தது. அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

அந்தப் பெயரை அவள் கையால் எழுதுவது இதுதான் முதல் முறை. ஏப்ரல் மாதம் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதிய கடிதத்தில்தான் அது அவளுக்குத் தெரியவந்தது. அவன் நன்றாக இருக்கிறான், அவனே கேட்கும்வரை பார்க்க வர வேண்டாம் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன், பதினேழு வயதில், குழந்தையைத் தத்துக் கொடுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட தாளில், குழந்தையின் பெயர் என்று கேட்டிருந்த இடத்தை கோரின் காலியாக விட்டிருந்தாள்.