முந்திக்கொண்ட நகல் மனு

தீர்ப்பை வாசித்து முடித்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவதற்குள், தோற்ற தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும், தீர்ப்பின் நகல் வேண்டும் என்று மனுவை நீட்டினார்.

மனுவில் கட்சிக்காரரின் கையெழுத்துக்குக் கீழே நேற்றைய தேதி.

இந்த மாதத்தில் இது மூன்றாவது.

நீதிபதி தம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். சாத்தியதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

தீர்ப்பு முன்கூட்டியே கசிகிறது. எழுதிய அவருக்குத் தெரியும். தட்டச்சு செய்த ஸ்டெனோ அம்மாவுக்குத் தெரியும். தம்மைப் போதிய ஆதாரம் இல்லையென்று அவர் முதல் நாளே விடுதலை செய்துவிட்டார். மிச்சம் ஒருவர்தான்.

மூன்று வாரமாக நீதிபதி சும்மா இருக்கவில்லை. இழுப்பறைக்குப் புதுப் பூட்டு போட்டார். அடித்துத் திருத்திய தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒளித்து ஒளித்துக் காகிதம் கிழிக்கிற கணவரைப் பார்த்து மனைவிக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்ததுதான் கண்ட பலன்.

இன்றைய தீர்ப்பின் கடைசிப் பத்தியை ஸ்டெனோ கண்ணிலேயே காட்டவில்லை. தாமே ஒற்றை விரலால் தட்டினார். அப்படியும் கசிந்துவிட்டது.

இன்னொருவராக இருந்தால் ஸ்டெனோ நிரபராதி என்று முடிவு கட்டியிருப்பார். அனுபவம் உள்ள நீதிபதி அப்படியெல்லாம் ஏமாற மாட்டார். முன்பாதியை வைத்தே பின்பாதியைக் கணக்குப் போட்டிருக்கிறாள், கைகாரி.

ஸ்டெனோவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் தயாராக இருந்தது. அந்த அம்மா ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதனால் அவர் தரப்பையும் கேட்டுவிடுவது என்று நீதிபதி முடிவு செய்தார். கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதைக் காலையிலேயே போட்டு, கடிதத்தை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

மணியை அடித்தார். ஸ்டெனோ குறிப்பேடும் பென்சிலுமாக வந்து நின்றார்.

எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டுவது நாகரிகமில்லை. வழக்கம்போல் இதமாகத் தொடங்கினார்.

"உக்காருங்கம்மா. இருபத்தாறு வருஷ சர்வீஸ். உங்க அளவுக்குச் சுத்தமா வேலை செய்யறவங்களை நான் பார்த்ததே இல்லை."

ஸ்டெனோ உட்காரவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ஆர்டர் எழுதியாச்சுங்களா ஐயா?"

நீதிபதியின் கை தானாக இழுப்பறைப் பூட்டைத் தொட்டுப் பார்த்தது. பூட்டியபடியேதான் இருந்தது.

"யாரு சொன்னது?"

"நீங்கதான் ஐயா. வாதம் முடிஞ்சதும் எந்த வக்கீலை 'பிரமாதம்'னு பாராட்டறீங்களோ, அவரு அன்னிக்கே நகல் மனு எழுத உக்காந்துடறாரு. கேன்டீன்ல டீ ஆத்தறவர் வரைக்கும் தெரியும். உங்ககிட்ட நல்ல பேரு வாங்கி இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்லை."

நீதிபதி மேற்கூரையைப் பார்த்தார். டீ ஆற்றுகிறவர் வரைக்கும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, வெகு கனிவாகச் சொன்னார்.

"ரொம்ப அருமையாச் சொன்னீங்கம்மா. இவ்வளவு தெளிவா யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை."

ஸ்டெனோ கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.