தேன்சிட்டு வீட்டின் அளவு

முருங்கைக் கிளையில் ஒரு தேன்சிட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் முட்டை கனத்தது. மேற்கே மேகம் கறுத்தது. மழைக்குள் வேலை முடியாவிட்டால் முட்டையை எங்கே போய் இடுவது என்று அவளுக்கு ஒரே பதைப்பு. நார் கிழிப்பது, சிலந்தி வலையை இழுத்து வந்து ஒட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். அவர்கள் குலத்தில் ஆண் துரும்பைத் தொடும் வழக்கம் கிடையாது. புருஷன் மேல்கிளையில் உட்கார்ந்து, நீல இறகைக் கோதியபடி யோசனை சொன்னான்.

“வீடு சின்னதா இருக்கணும் புள்ள. பெருசா கட்டுனா மரத்துக்கும் பாரம், பூமிக்கும் பாரம்.”

“சரிங்க.”

கூரைக்கு அவள் ஒரு மிட்டாய்த் தாளைக் கொண்டுவந்தாள். அவன் தாம்தூமென்று குதித்தான்.

“பிளாஸ்டிக்கா? நம்ம வீட்டுலயா? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க?”

அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, மறுபடி பறந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து கூரையை முடித்தாள். அந்த வழியாக வந்த அணில் நின்று பார்த்தது.

“அடேயப்பா, அளவான வீடு! யாரு கட்டுனது?”

“நாங்கதான்” என்றான் புருஷன், நெஞ்சை நிமிர்த்தி.

முதல் துளி விழுந்தபோது அவள் உள்ளே முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மழை வலுத்தது. புருஷன் நனைந்து பாதியாகிப்போய் வாசலில் வந்து தொங்கினான்.

“கொஞ்சம் தள்ளி உட்காரேன்.”

“தள்ள இடம் ஏதுங்க? எல்லாம் நீங்க சொன்ன அளவுதான்.”

அவன் நடுங்கினான். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“அந்த மிட்டாய்த் தாளு கீழ்க்கிளையிலதான் மாட்டிக்கிட்டிருக்கு. போய்ப் போர்த்திக்குங்க. இந்த மழையில நாலு பேரும் வரமாட்டாங்க.”