முன்னே போன ஆவுடை

அடுத்த வாரம் நார்வேயில் ஓராண்டு படிக்கக் கிளம்ப வேண்டிய ஆவுடை, காணொளி அழைப்புத் திரைக்கு முன்னால் அம்மாவோடு நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் பருப்புப்பொடி மட்டுமே குட்டியானை எடை இருந்தது. தங்க இடம் தரும் சிக்ரிட் அம்மாள் சம்மதிப்பதுதான் பாக்கி. ஆவுடையின் குணத்தை அச்சாக ஏற்றிய எந்திரப் பொம்மையொன்று, இப்போதைய வழக்கப்படி, அவர் வீட்டில் முன்கூட்டியே ஓராண்டு தங்கிப் பார்த்துவிட்டது.

“அவள் தங்கம். தினமும் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தாள்,” என்றார் சிக்ரிட், தமிழாக்கும் கருவி வழியே.

அம்மா சிரித்த சிரிப்பில் பாளையங்கோட்டைக் காக்காய் அத்தனையும் பறந்தன. “யாரு, இவளா? குடிச்ச தம்ளர நகத்த மாட்டாளே! பொம்மைய மாத்தி அனுப்பிட்டானுவளா?”

“சும்மா இரும்மா, காரியத்தக் கெடுத்துராத!” என்று பல்லைக் கடித்த ஆவுடைக்கும் ஆவல் தாங்கவில்லை. “நான் அங்க வேற என்னல்லாம் செஞ்சேன், ஆன்ட்டி?”

“கழுவும்போது ஒரு பாட்டுப் பாடுவாய். எங்கள் வீட்டு நாயைத் தவிர எல்லோருக்கும் அது மனப்பாடம்,” என்று சிக்ரிட் முனகிக் காட்டினார்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அது பாத்திரம் தேய்க்கும்போது அம்மா பாடுகிற பாட்டு. அவள் சுருதி தப்பும் அதே இடத்தில் நார்வேக்காரியும் தப்பினாள்.

“இவளும் கழுவுவாளா?” என்று கேட்டார் சிக்ரிட்.

“என் நெனப்பு வந்தா கழுவுவா, தாயீ,” என்றாள் அம்மா.

“அப்படியானால் வரட்டும்.”

அன்று மாலை அம்மா பொடியில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கட்டுத் தேங்காய்நாரை வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.