கட்டிக்கிட்டு வாங்க

“நாயைக் கட்டிக்கிட்டுப் போங்க மேடம், மானெல்லாம் மிரளும்.”

“கட்டித்தான் சார் வந்தேன். கொக்கி கழண்டுடுச்சு.”

காப்புக்காட்டு வாசலில் போன வருடம் வனக்காவலருக்கும், நூலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கும் நடந்த இந்தப் பேச்சு, ஞாயிறுதோறும் தொடர்ந்தது. பூசணி என்ற அந்த நாய் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து அவர் காலடியில் உருளும். அவர் திட்டிக்கொண்டே பிடித்துக்கொடுப்பார்.

இன்றும் ஓடிவந்தது. அவர் திட்டவில்லை.

“எனக்கு மாத்தல் வந்திடுச்சு மேடம். நாளைக்குக் கிளம்புறேன். புது ஆள் அபராதம் போட்டுடுவாரு, பாத்துக்கோங்க.”

“ரொம்ப தூரமா போறீங்க?”

“தனிக்கட்டைக்கு எந்தக் காடா இருந்தா என்ன?”

அவள் பேச்சை மாற்றினாள். “கொக்கி பழசு சார், அதான்...”

“பழசா? போன வாரம் நான்தானே புதுசு மாட்டிவிட்டேன்! பட்டனை அமுக்காம அது கழலவே கழலாது.”

பூசணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“நான்தான் அமுக்கினேன்” என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. “ஒவ்வொரு வாரமும், உங்க காவல் அறை கண்ணுல பட்டதும்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் கையிலிருந்த வாரை வாங்கிப் பூசணிக்கு மாட்டி நீட்டினார். “இனிமேலாவது கட்டிக்கோங்க மேடம்.”

ஒரு வருடமாக நாக்கு நுனியில் நின்றது, அவளை மீறி வெளியே வந்தது.

“நாயை நான் கட்டிக்கிறேன். என்னை நீங்க கட்டிக்கிறீங்களா?”