குமுளிக்குப் போகிற பூ

கோழிக்கொண்டைப் பூ வெளுத்துப் போய்க் கிடந்தது.

மொட்டைமாடியில் விரித்த சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். காயப் போட்டபோது ரத்தச் சிவப்பு. இப்போது வைக்கோல் நிறம்.

இப்படி ஆகும் என்று யார் கண்டது?

என் பெண்டாட்டி முத்துப்பேச்சி சொல்லிவிட்டுத்தான் போனாள். காம்போடு நீளமாக அறு. கட்டுக் கட்டாகக் கட்டு. இருட்டறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடு. மதுரையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றாள்.

அறுத்தேன், கட்டினேன். ஆனால் இருட்டில் எப்படிக் காயும்? மிளகாய், மக்காச்சோளம், புளி, எதுவானாலும் வெயிலில் போட்டுத்தான் பழக்கம். முந்தின வார மழையில் சுவரெல்லாம் வேறு ஈரம். பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து மாடியில் போட்டுவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்குக் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலைக்குப் போய்விட்டேன். ரெண்டு மூணு நாளாக மேலே ஏறிப் பார்க்கவே இல்லை.

விதை போட்டது அவள். கண்ணுக்குச் சிக்காத பொடி விதை. மணலில் கலந்து தூவினாள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். குமுளியில் ஒரு கடைக்காரர் காய்ந்த பூவைக் கட்டாகக் கேட்டிருந்தார். நிறம் மட்டும் மங்கக் கூடாது என்றிருந்தார். இது கைகொடுத்தால் நீ கவாத்துக் கத்தியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்பாள்.

கீழே செருப்புச் சத்தம்.

கட்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். எங்கே ஒளிப்பது? அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

நின்று என்னையே பார்த்தாள்.

"யாரது, கொழுந்தனா?"

போச்சு. என்னையே தெரியாத மாதிரிக் கேட்கிறாள் என்றால் மாடியில் கிடந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நான்தான் புள்ள."

ஒரு பூக்கட்டை வாங்கினாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மொறுமொறுன்னு காஞ்சிருக்குய்யா. அம்புட்டும் ரத்தச் செவப்பு. குமுளிக்காரரு அசந்து போவாக!"

குத்திக் காட்டுகிறாளா? நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது. நக்கல் இல்லை.

அடுத்த கட்டைக் கொடுத்தேன். இதுவும் நல்ல சிவப்பு என்று தரையில் அடுக்கினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். இதை என்ன செய்வது?

சரி, விளையாடுகிறாள். நாமும் விளையாடிப் பார்ப்போம் என்று மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தேன். அதாலேயே நாலு போட்டாளானால் தீர்ந்தது பாக்கி.

அவள் கையில் கொடுக்காமல் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"ஏத்தா, இது எப்படி இருக்கு?"

பார்த்தாள். அவசரமில்லாமல், நிதானமாகப் பார்த்தாள்.

"இதுதான்யா இருக்கிறதுலயே நல்ல செவப்பு. தனியா எடுத்து வையி."

இவள் மதுரைக்குப் போனது அக்கா வீட்டுக்கா, கண்ணாஸ்பத்திரிக்கா? தனியாக எடுத்து வைத்தேன்.