பத்தாயிரத்துக்கு மூன்று பாக்கி

பிள்ளையின் துணிகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தேன். சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன் சத்தமே போடவில்லை. இன்றோடு நாலு நாள்.

ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே மாதம் பிள்ளை பெற்றவர்கள் சேர்ந்து ஆரம்பித்த குரூப் அது. அதில் ஒரு விளையாட்டு. ஒருவர் ஒன்று போட்டால் இன்னொருவர் இரண்டு, அடுத்தவர் மூன்று என்று போட வேண்டும். ஒருத்தரே அடுத்தடுத்துப் போடக் கூடாது. யாராவது தப்பாகப் போட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதினால் பிழை வரும் என்று கூச்சம். எண்ணில் அந்தப் பயம் இல்லை. வீட்டுக்காரர் வந்ததும் தூங்கிவிடுவார். மாமியார் வேலை ஏவ மட்டும் வாயைத் திறப்பார். நான் ஒரு எண் போட்டால் யாரோ பதில் போடுவார்கள். நாளெல்லாம் எனக்கு இருந்த பேச்சு அதுதான்.

பத்தாயிரம் வந்ததும் குரூப்பை மூடிவிடலாம், பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிட்டார்களே என்றார் குரூப்பை நடத்தும் டீச்சர். இன்னும் எத்தனை பாக்கி என்று பயந்து பயந்து தினமும் கழித்துப் பார்த்தேன்.

போன வாரம் நான் 9,997 போட்டேன். அடுத்து நர்ஸ் வேலை பார்க்கும் ஊசி அக்கா 9,998-க்குப் பதிலாக 9,899 என்று போட்டுவிட்டார்.

பதினொரு மாத எண்ணிக்கை போச்சு. ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "மருந்தையும் இப்படித்தான் அளந்து குடுப்பீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி.

அவரை நீக்கலாம் என்பவர்கள் கட்டைவிரலைக் காட்டுங்கள் என்றார் டீச்சர்.

உள்ளுக்குள் எனக்குப் போன உயிர் திரும்பியிருந்தது. ஆனாலும், நான் மட்டும் காட்டாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று காட்டிவிட்டேன். அந்தக் குரூப்பில் எண்ணைத் தவிர நான் போட்டது அந்த ஒரு கட்டைவிரல்தான்.

அன்றே அக்காவை நீக்கிவிட்டார்கள். மறுபடி 1 போட்டதும் நான்தான். 2 போட யாரும் வரவில்லை. அப்போதுதான் பழையதை மேலே தள்ளிப் பார்த்தேன். என் எண்களுக்குக் கீழே பாதிக்கு மேல் ஊசி அக்காவின் எண்கள்.

போன் சத்தம் போட்டது. ஈரக் கையோடு எடுத்தேன். அவர்தான், எனக்கு மட்டும் தனியாக.

"தங்கச்சி, அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் தப்பா போட்டேன். குரூப்பை மூடிட்டா நீ என்ன பண்ணுவேன்னு தோணுச்சு. நான் எப்போ போட்டாலும் ஒரு நிமிஷத்துல அடுத்தது போடுறவ நீதானே? ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா நீ காத்துக்கிட்டே இருக்கிறது தெரியும். இனி ஒரு வருஷம் உனக்குத் துணைக்கு ஆள் இருக்கும். இப்போ எத்தனைல இருக்கீங்க?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். பிழை வந்தால் வரட்டும் என்று எழுத ஆரம்பித்தேன்.

"பிள்ளை அழுறது காதுல விழலையா?" உள்ளே இருந்து மாமியார்.

அதுவரை எழுதியது இவ்வளவுதான்: அக்கா, அன்னிக்கு கட்டைவிரல் காட்டினதுல நானும்